உயரம் ஏற்றினால் பாறை ஏறுமா?

போடி, தேனி, கம்பம் பக்கம் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தார் ஜீப்பும் ஜிம்னியும் பழைய ஜிப்சியும் அடிக்கடி போகும். அதில் சில வண்டிகள் கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில் இருக்காது. நாலு விரற்கடை, சிலது ஆறு விரற்கடை மேலே தூக்கி நிற்கும். ஏறி உட்காரப் படிக்கட்டு வேண்டும். கேட்டால், "பாறை ஏறுறதுக்கு சஸ்பென்ஷன் அப்கிரேட் பண்ணியிருக்கோம் ஐயா" என்கிறார்கள். செலவைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இது அப்கிரேட் இல்லை. பாறை ஏறுவதற்கு வேண்டியது உயரம் அல்ல, இளக்கம். இந்தப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குவது உயரமும் விறைப்பும். அதனால் வண்டி பாறையிலும் கெடுகிறது, மலை ரோட்டிலும் ஆபத்தாகிறது. காசு கொடுப்பது பெரும்பாலும் நம்மைப் போன்ற அப்பாக்களும் தாத்தாக்களும் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பஸ் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி ஸ்பிரிங் பட்டை கழற்றுவதும் மாட்டுவதும்தான். யூ போல்ட் முறுக்கி முறுக்கிக் காய்ப்பு ஏறிய கை இது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த விஷயத்தைத்தான் சொல்கிறேன்.

முதலில், பாறை வண்டியிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். வீட்டில் மரக் கட்டில் ஒன்றை மேடு பள்ளமான களத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று கால் தரையில் நிற்கும், நாலாவது கால் அந்தரத்தில் ஆடும். அதே இடத்தில் பழைய கயிற்றுக் கட்டிலைப் போடுங்கள். சட்டம் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், நாலு காலும் ஊன்றிக்கொள்ளும். பாறையில் வண்டிக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது அது மேலே மடங்க வேண்டும். எதிர்ப் பக்கத்துச் சக்கரம் குழியைத் தேடிக் கீழே இறங்க வேண்டும். நாலும் தரையைப் பிடித்திருந்தால்தான் இஞ்சின் பலம் தரைக்குப் போய்ச் சேரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அந்தச் சக்கரம் மட்டும் காற்றில் சுற்றும். தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். இப்போதைய வண்டிகள் சிலவற்றில், சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் அந்தரத்தில் தொங்கும் சக்கரம் வண்டியைத் தாங்குமா?

மலையில் ஆடு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கால் நீளமா? இல்லை. அந்த மூட்டு மடங்கும், குளம்பு பிடிக்கும், அவசரப்படாது. உயரம்தான் பாறை ஏறும் என்றால் ஒட்டகம் ஏறியிருக்கும்.

நம் கண்முன்னே இருக்கும் உதாரணம் கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, 7,000 அடிக்கு மேல். ஆனால் வண்டிக்கு வழி கேரளாவின் சூரியநெல்லியிலிருந்துதான். அந்தப் பாதையைப் பாதை என்று சொல்வதே பெரிய மனசு. கல்லும் குழியுமாகக் கிடக்கும். அதில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிற மகிந்திரா ஜீப்புகளைப் பாருங்கள். பழைய மேஜர், கமாண்டர் வகை. அடியில் ஸ்பிரிங் பட்டை. 1941-ல் வந்த வில்லிஸ் ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் பட்டை இருந்தது, அதே வழியில் வந்தவைதான் இவை. லோ கியரில் போட்டு, கிளட்சில் காலை வைக்காமல், கல்லைப் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு போவார்கள் அந்த டிரைவர்கள். வேகம் நாம் நடக்கிற வேகம். அதில் எந்த ஜீப்பில் லட்ச ரூபாய் லிஃப்ட் கிட் இருக்கிறது?

இனி உயரக் கணக்குக்கு வருவோம். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருக்கும் வண்டிகளில், அடியில் மிகத் தாழ்ந்து நிற்பது டிஃபரன்ஷியல் உருண்டை. பாறையில் முதலில் இடிப்பதும் பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வைத்து பாடியை நாலு அங்குலம் தூக்கினால் அந்த உருண்டை எவ்வளவு உயரும்? ஒரு நூல் கூட உயராது. அது ஆக்ஸிலோடு இருக்கிறது. ஆக்ஸில் சக்கரத்தோடு இருக்கிறது. அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். டயர் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் உருண்டை ஒரு அங்குலம் உயரும். பாடியைத் தூக்கினால் வண்டியின் வயிறும் முன்பின் பம்பரும் தப்பிக்கும் என்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் "அடி இடிக்காது" என்று சொல்லி விற்கிறார்களே, அது பாதி உண்மை.

பெரிய டயருக்கும் விலை உண்டு. சக்கரம் பெரிதானால் இஞ்சின் இழுவை அந்த அளவுக்குக் குறையும். லோ கியரின் பலனில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பிரேக் பிடிக்கவும் சிரமம். ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும்.

அடுத்தது விறைப்பு. உயரத்தோடு சேர்த்து "ஹெவி டியூட்டி" ஸ்பிரிங் என்று ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். பட்டை வண்டியாக இருந்தால் கூடுதலாக ஒரு பட்டை, அல்லது தடிமனான பட்டை. பட்டை வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். அதே நீள அகலத்தில் 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால், விறைப்பு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கூடாது. இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடும். தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற ஜீப்புக்கு எக்ஸ்ட்ரா பட்டை போட்டதில் நியாயம் இருந்தது. சுமைக்காகப் போட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து போகிற வண்டிக்கு அதைப் போட்டால், சக்கரம் மடங்கவே மடங்காது. மரக் கட்டில்தான்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பெயர் வேண்டாம். நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பெரியப்பா, பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

"பார்க்கிறதுக்கு என்னப்பா இருக்கு, ஜாக்கியை எடு" என்றேன்.

பின் பக்கம் சேஸில் ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கச் சக்கரம் முழுதும் தொங்கும் வரைக்கும் தூக்கினோம். சக்கரம் கொஞ்சம் இறங்கியதும் நின்றுவிட்டது. ஏன்? ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்தவர்கள் ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டுவிட்டார்கள். வண்டி நிற்கும்போதே அது பாதிக்கு மேல் நீண்டிருந்தது. இறங்குவதற்கு மிச்சம் இல்லை. பிரேக் ஹோஸைக் காட்டினேன். வில்லில் நாண் கட்டியதுபோல் இறுகிக் கிடந்தது. இன்னும் ஒரு பள்ளம் ஆழமாக வந்திருந்தால் என்ன ஆகும் என்று அவனையே கேட்டேன். பையன் பேசவில்லை. அந்த வண்டியில் அடுத்த வாரம் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவதாக இருந்தான்.

கவனியுங்கள். உயரம் கூடியது. சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்தது. பாறைக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு வேண்டாததை வாங்கியிருக்கிறார்கள். இதற்குப் பில்லில் எழுதியிருந்த பெயர் அப்கிரேட்.

கவிழும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எளிமைக்காக, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவில் 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். ஸ்பிரிங் அசையாது என்று வைத்தால், பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். இப்போது பாடியைத் தூக்கியதில் எடை மையம் 8 சென்டிமீட்டர் ஏறியது என்றால் அந்தக் கோணம் 42 ஆகிவிடும். மூன்று டிகிரிதானே என்பீர்கள். வண்டி ஏற்கெனவே 20 டிகிரி சரிவில் குறுக்காகப் போகிறது. மேல் பக்கச் சக்கரம் ஒரு அடி உயரக் கல்லில் ஏறுகிறது. அதுவே இன்னொரு 11 டிகிரி. ஆக 31. மிச்சம் 14 இருந்த இடத்தில் 11 இருக்கும். அதிலும் ஸ்பிரிங் அமுங்கிப் பாடி சாயும், கூரை மேல் கேரியரில் மூட்டையும் ஸ்டெப்னியும் இருக்கும், சக்கரம் கல்லிலிருந்து வழுக்கி இறங்கும் உதறல் இருக்கும். அந்தப் பதினொன்று எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பாறைக்கு எப்போதாவது போகிற வண்டி, தினமும் போவது ரோட்டில்தான். போடிமெட்டு வளைவுகளில் காலையிலும் சாயங்காலமும் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வருவது நமக்குத் தெரியும். ஒரு ஜீப்பில் எத்தனை பெண்கள் நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள் என்பதும் தெரியும். அந்த வளைவில் எதிரே, தூக்கி வைத்த வண்டி ஒன்று பெரிய டயரோடு வருகிறது. ஸ்டீயரிங் கோணம் மாறியிருக்கிறது, ஆக்ஸில் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது, ஜாயின்ட் ஷாஃப்ட் சாய்வு கூடிக் கிராஸ் உதறுகிறது, பிரேக் பிடிக்கத் தூரம் அதிகமாகிறது. சரியாகச் செய்திருந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. சரியாகச் செய்ய ஆகும் செலவைக் கடைக்காரர் முதலிலேயே சொன்னால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் சொல்வதில்லை.

"அமெரிக்காவில் எல்லாரும் தூக்கித்தானே ஓட்டுகிறார்கள்" என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். சரி, அமெரிக்காவுக்கே போவோம். கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்று ஒரு பாதை. பாறை ஏறும் ஜீப்புக்காரர்களுக்கு அது காசி மாதிரி. 1953-லிருந்து அங்கே ஜீப் கூட்டம் நடக்கிறது. அன்றைக்கு வந்தவை பட்டை வைத்த ஜீப்புகள்தான். அந்தப் பாதையின் பெயரையே வைத்து ஜீப் கம்பெனி 2003 மாடலாக ராங்லர் ரூபிகான் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதில் அவர்கள் முக்கியமாகச் சேர்த்தது என்ன? முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக். சாதாரண ராங்லரில் லோ ரேஞ்ச் 2.72 மடங்கு, இதில் 4 மடங்கு. பலமான ஆக்ஸில், நல்ல டயர். 2007 மாடலாக வந்த அடுத்த ரூபிகானில் இன்னொன்று சேர்த்தார்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பட்டனை அமுக்கிப் பிரித்துவிடும் ஏற்பாடு. பாறையில் பிரித்துவிட்டால் சக்கரம் தாராளமாக ஏறி இறங்கும். ரோட்டுக்கு வந்ததும் திரும்ப இணைந்துகொள்ளும். பாறைக்கென்றே வண்டி செய்தவன் தேடியது பிடிப்பு, மெதுவான கியர், இளக்கம். உயரத்துக்கு அவன் தந்த இடம் அதற்குப் பிறகுதான்.

அங்கேயும் நாலு, ஐந்து அங்குலம் தூக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அதோடு ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகளை நீளமாக மாற்றுகிறார்கள். நீளமான ஷாக், நீளமான பிரேக் ஹோஸ், புது ஷாஃப்ட், உள்ளே இரும்புக் கூண்டு. முழுக்கப் பாறைக்கென்று ஆக்கிய வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிறவர்களும் உண்டு. நம் பையன் அந்த வீடியோவில் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறான்.

இன்னொரு பதில்: "உங்களுக்குப் பட்டைதான் தெரியும் தாத்தா, இப்ப எல்லாம் காயில்." காயில் ஸ்பிரிங் நல்லது என்பதை நான் முதலில் சொல்வேன். பட்டையில் ஒன்றோடொன்று உரசல் இருக்கும், துரு ஏறினால் கட்டு கட்டாக இறுகிவிடும். காயிலில் அது இல்லை. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டை ஆக்ஸிலும் காயிலும். 2020-ல் வந்த தாருக்குப் பின்னால் கட்டை ஆக்ஸிலும் காயிலும், முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனி. தாரின் தரை இடைவெளி கம்பெனியிலிருந்தே 226 மில்லிமீட்டர். ஜிம்னிக்கு 210. இவ்வளவு நல்ல காயிலைக் கொடுத்த பிறகு, அதன் தலையில் ஒரு கட்டையை வைத்து மரக் கட்டிலாக்குவானேன் என்பதுதான் என் கேள்வி.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், என்று அதே வருடத் திருத்தத்தில் வந்தது. தேய்ந்த ஷாக்கை அதே வகையில் மாற்றுவது வேறு. வண்டியின் அளவையே மாற்றுவது வேறு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது எதை என்று நினைக்கிறீர்கள்? இதெல்லாம் போக, எங்கே ஏறப் போகிறார்கள்? மேகமலைக் காடு 2021-லிருந்து புலிகள் காப்பகம். ஓடைப் பாறையில் வண்டியை ஏற்றி விளையாட அது நம் கொல்லை அல்ல.

ஆசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாலிப வயதில் மலையைப் பார்த்தால் ஏறத்தான் தோன்றும். அனுமதியுள்ள இடத்தில், பக்கத்தில் இன்னொரு வண்டியோடு, முறையாகப் போகட்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டயர் காற்று. கல்லில் ஏறும்போது 30-க்கு மேல் இருப்பதை 15, 18 வரைக்கும் இறக்கினால் டயரே கல்லைக் கவ்வும். அதற்குச் செலவு கிடையாது. திரும்ப ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். இரண்டாவது, லோ கியரில் நடை வேகத்தில் ஓட்டக் கற்பது. மூன்றாவது, நல்ல டயர், அனுமதித்த அளவில். நாலாவது, அடியில் இரும்புத் தகடும், இழுக்க உறுதியான கொக்கியும். ஐந்தாவதுதான் சஸ்பென்ஷன். அதிலும் முதலில் தேய்ந்த புஷ்ஷையும் செத்துப்போன ஷாக்கையும் அதே வகையில் மாற்றுங்கள். பட்டை வண்டி என்றால் கழற்றித் துரு எடுத்து, கிராஃபைட் கிரீஸ் வைத்துக் கட்டுங்கள். பாதி வண்டிகளுக்கு அதுவே புது வண்டி ஆன மாதிரி இருக்கும்.

ஆகவே, பையனோ பேரனோ பணம் கேட்டு வந்தால், பேங்கில் போட்டதை எடுக்கும் முன் நாலே நாலு கேள்வி கேளுங்கள். சக்கரம் இப்போது எவ்வளவு இறங்குகிறது, வேலை முடிந்த பிறகு எவ்வளவு இறங்கும்? பிரேக் ஹோஸ் மாற்றுகிறார்களா? ஷாஃப்ட் சாய்வை யார் பார்க்கிறார்கள்? செய்த வேலையைக் கடைப் பெயரோடு பில்லில் எழுதித் தருவார்களா? நாலுக்கும் பதில் வந்தால், அனுமதியும் இருந்தால், கொடுங்கள். "பார்க்க கெத்தா இருக்கும்" என்பது மட்டும்தான் பதில் என்றால், நல்ல டயர் நாலு வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி பேங்கிலேயே போடுங்கள்.